உங்கள் தொகுதியில் நிற்கப்போவது அந்த நடிகர் இல்லை

கேள்வி: ஐயா, நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையலராக இருக்கிறேன். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகனுக்கு 19 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடுகிறான். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஒரு நடிகருக்கு ரசிகன். அவர் கட்சி ஆரம்பித்ததும் இவன் ஊரில் கிளைச் செயலாளர் ஆகிவிட்டான். போன மாதம் பேனருக்கு என்று, அரிசிப் பானைக்குள் நான் வைத்திருந்த 3,500 ரூபாயைக் கேட்காமல் எடுத்துவிட்டான். கேட்டால் "அண்ணன் வந்தா எல்லாம் மாறும்மா" என்கிறான். கரூர் கூட்ட நெரிசல் செய்தியைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. 72 வயதான என் மாமியாரோ பேரன் பக்கம். "நாங்க எம்ஜிஆருக்காகப் பட்டினி கிடக்கலையா" என்கிறார். டிவியைப் போட்டால் எந்நேரமும் அந்த நடிகர்தான். சினிமாக்காரர்களைக் கும்பிட்டே நாடு கெட்டுப்போனதா? முதல் ஓட்டையே இப்படிப் போடப்போகிறான். இவனை எப்படி வெளியே கொண்டுவருவது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பண விஷயத்தை முடித்துவிடுவோம். கேட்காமல் எடுத்தது தவறு. அதற்கும் அரசியலுக்கும் சம்பந்தமில்லை. எந்த நடிகருக்காக எடுத்தான் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். "மாசம் 500 வீதம் ஏழு மாசத்துல திருப்பிக் கொடு" என்று சொல்லி ஒரு நோட்டில் கணக்கு எழுதி வையுங்கள். இதை நடிகர் சண்டையாக ஆக்கினால் பணமும் வராது, அவன் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவதும் நின்றுபோகும். அவன் பேசிக்கொண்டிருப்பதுதான் இப்போது முக்கியம்.

அடுத்து உயிர். 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில் கட்சிக் கூட்டத்து நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. தவறு யார் மேல் என்பதை விசாரணை சொல்லட்டும். நெரிசலில் என்ன நடக்கும் என்பதை மட்டும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். கீழே விழுந்து மிதிபட்டுத்தான் சாவார்கள் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் நின்ற நிலையிலேயே நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல் மூச்சு அடைத்துப்போகிறது. கை இரண்டையும் நெஞ்சு மட்டத்துக்குத் தூக்க முடியாத அளவுக்குக் கூட்டம் இறுகினால், தலைவர் வந்தாரா இல்லையா என்று பார்க்காமல் ஓரமாக வெளியேறிவிட வேண்டும். வண்டிக்குப் பின்னால் ஓடக்கூடாது. மரத்திலும் கூரையிலும் ஏறக்கூடாது. கைக்குழந்தையோடு வருகிறவர்களைக் கிளைச் செயலாளர் என்ற முறையில் அவனே திருப்பி அனுப்ப வேண்டும். "போகாதே" என்று சொன்னால் சொல்லாமல் போவான். "நீ கூட்டிட்டுப் போற பசங்களுக்கு நீதான் பொறுப்பு" என்று சொல்லிப் பாருங்கள், காதில் ஏறும்.

இனி நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன். 27 வருடம் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் வேலை பார்த்தவன் நான். இப்போது கல்லூரியில் இதழியல் சொல்லிக் கொடுக்கிறேன். உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளை வருடத்துக்கு அறுபது பேராவது பார்க்கிறேன்.

அந்த பேனரை ஒருமுறை நின்று பார்த்தீர்களா? மேலே நடிகர், முழு உயரத்துக்கு. கீழ் வரிசையில் ஸ்டாம்ப் அளவில் பத்துப் பன்னிரண்டு முகங்கள். அதில் ஒன்று உங்கள் மகன். அவன் பெயருக்குக் கீழே ஒரு பதவி. மார்க் ஷீட்டுக்கு அடுத்து அவன் பெயர் அச்சில் வந்தது அங்கேதான் இருக்கும். வேலை இல்லாத, அப்பா இல்லாத, ஊர்ப் பெரிய குடும்பம் எதிலும் பிறக்காத ஒரு பையனுக்கு நம் ஊரில் பொதுக் காரியத்தில் நுழைய எத்தனை வாசல் இருக்கிறது? கோயில் கமிட்டியில் இடமில்லை, கூட்டுறவுச் சங்கத்தில் இல்லை, பழைய கட்சிகளில் யாருடைய மகன் என்று கேட்பார்கள். ரசிகர் மன்றத்தில் கேட்கமாட்டார்கள். ராத்திரி ஒரு மணிக்கு ரத்தம் வேண்டும் என்று போன் வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும் மன்றத்துப் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். பிடுங்கி எறிய வேண்டிய கெட்ட பழக்கமாக இதை நான் நினைக்கவில்லை. அவன் பொதுவாழ்க்கைக்குள் வந்துவிட்டான். வந்த இடத்தில் கைதட்டுவதைத் தவிர வேறு எதுவும் அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுதான் குறை.

உங்கள் மாமியாரை எதிராளியாக நினைக்காதீர்கள். இந்த விஷயத்தில் வீட்டிலேயே இருக்கும் நல்ல சாட்சி அவர்.

1972 அக்டோபரில் எம்ஜிஆர் தனிக்கட்சி ஆரம்பித்தார். அந்தக் கட்சியின் முதல் வெற்றி உங்கள் மண்ணில்தான், 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில். நின்றவர் மாயத்தேவர், சின்னம் இரட்டை இலை. அப்போது ஓட்டு வயது 21 என்பதால் உங்கள் மாமியார் அதில் போட்டிருக்க முடியாது. 1977-ல் போட்டிருப்பார், அந்த வருடம்தான் எம்ஜிஆர் முதலமைச்சர் ஆனார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், மகன் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள்: "அத்தை, 1980 ஜனவரி எம்பி எலக்சன்ல யாருக்குப் போட்டீங்க?"

அந்தத் தேர்தலில் எம்ஜிஆர் கட்சி தமிழ்நாட்டின் 39 தொகுதியில் இரண்டில்தான் ஜெயித்தது. கோபிசெட்டிபாளையம், சிவகாசி, அவ்வளவுதான். திண்டுக்கல்லும் போனது. அங்கே ஜெயித்தவர் அதே மாயத்தேவர், இந்த முறை திமுக வேட்பாளராக! எம்ஜிஆர் முகம் மாறவில்லை, பாட்டு மாறவில்லை, முதலமைச்சர் நாற்காலியில் வேறு இருந்தார். ஆனால் 1979-ல் அவர் அரசு, பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு வருடம் 9,000 ரூபாய் வருமான வரம்பு கொண்டுவந்திருந்தது. ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு, கூட்டணிக் கணக்கும் அதில் ஒன்று. ஆனால் எம்ஜிஆர் இதைத்தான் பாடமாக எடுத்துக்கொண்டார். வரம்பை நீக்கினார், 31 சதவீதமாக இருந்த ஒதுக்கீட்டை 50 ஆக உயர்த்தினார். பிப்ரவரியில் அவர் ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அதே ஜனங்கள் அவரைத் திரும்ப உட்கார வைத்தார்கள்.

சினிமாக்காரர்களைக் கும்பிட்டே நாடு கெட்டதா என்று கேட்கிறீர்கள். கும்பிட்டார்கள், உண்மைதான். மொட்டை போட்டார்கள், மண்சோறு சாப்பிட்டார்கள், 1987 டிசம்பரில் அவர் இறந்தபோது உயிரையே விட்டவர்களும் உண்டு. அந்த உயிர்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆனால் அதே கைகள் ஓட்டுச்சாவடிக்குள் போனபோது தனியாக யோசித்திருக்கின்றன. சிவாஜி கணேசனைவிடப் பெரிய நடிகர் யார்? 1989-ல் திருவையாறில் அவர் தோற்றார். 2021-ல் கோவை தெற்கில் கமல்ஹாசன் 1,728 ஓட்டில் தோற்றார். படத்துக்கு டிக்கெட் எடுத்த கூட்டம் அப்படியே ஓட்டாக மாறிவிடும் என்று நம்பியவர்களில் பலருக்கு இந்த ஊர் வேறு கணக்கைக் காட்டியிருக்கிறது. அதனால் உங்கள் மகனின் தலைமுறை மட்டும் ஏமாந்துபோகும் என்று நினைத்துக் கலங்க வேண்டாம்.

என்னுடைய கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அதை மகனிடம் நீங்கள் பேசினால் அவனால் தட்டிக்கழிக்க முடியாது.

தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதி 234. சட்டப்படி ஒருவர் அதிகபட்சம் இரண்டு தொகுதியில்தான் நிற்கலாம். எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் மீதி 232 தொகுதியில் வேறு யாரோதான் நிற்பார்கள். உங்கள் தொகுதியில் ஓட்டு மிஷினில் இருக்கப்போவது அந்த நடிகரின் பெயர் இல்லை. அந்த வேட்பாளர் யார்? நேற்றுவரை எந்தக் கட்சியில் இருந்தார்? என்ன தொழில்? மேலே வழக்கு இருக்கிறதா? ஊரில் தண்ணீர் வராதபோது அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா?

விஜயகாந்த் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் மதுரையில் கட்சி ஆரம்பித்தார். 2006-ல் தனியாக நின்று, விருத்தாசலத்தில் அவர் ஒருவர் மட்டும் ஜெயித்தார். 2011-ல் கூட்டணியோடு 29 இடம். எதிர்க்கட்சித் தலைவரே ஆனார். ஜனங்கள் போட்டது கேப்டனுக்கு. சட்டசபைக்குள் போனது 29 பேர். அதில் பலர் ஒவ்வொருவராக ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்தார்கள். 2016 பிப்ரவரியில் அவர் கட்சியின் எட்டு எம்எல்ஏக்கள் ராஜினாமா செய்ய, எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் போனது. அடுத்த தேர்தலில் உளுந்தூர்பேட்டையில் அவருக்கே டெபாசிட் கிடைக்கவில்லை. அந்த மனிதரின் நல்ல மனசை நான் சந்தேகிக்கவில்லை, அவர் வீட்டில் யார் போனாலும் சாப்பாடு போட்டார் என்று திரையுலகமே சொல்லும். ஆனால் அந்தந்தத் தொகுதியில் நின்றவர் யார் என்று அன்று பார்க்காமல் விட்டதன் பலனை அந்தந்த ஊர்தான் அனுபவித்தது.

டிவி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதில் நான் வெளியாள் இல்லை என்பதால் ஒரு ராத்திரியை மட்டும் சொல்கிறேன்.

நான் ஒரு தொலைக்காட்சியில் இரவு டெஸ்கில் இருந்தேன். மாவட்ட நிருபர் ஒருவர் மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து செய்தி அனுப்பியிருந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு டாக்டர் இல்லை, ஒரு பெண்ணுக்கு ஆட்டோவிலேயே பிரசவம் ஆகிவிட்டது. அந்த அம்மாவின் பேட்டி, பூட்டிய கதவு, டியூட்டி ரிஜிஸ்டர் எல்லாம் எடுத்திருந்தார். இரண்டே முக்கால் நிமிடம். பொட்டு வைத்தாற்போல் வெட்டியிருந்தார். அதே நேரம் ஒரு நடிகர் விமான நிலையத்தில் இறங்கினார். "அரசியலுக்கு வர்றீங்களா சார்?" என்று நாலைந்து மைக்குகள் நீண்டன. அவர் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார். மொத்தம் 11 நொடி. அந்த 11 நொடியை நாங்கள் நள்ளிரவுவரை திருப்பித் திருப்பி ஓட்டினோம். அவர் கும்பிட்டதற்கு என்ன அர்த்தம் என்று நான்கு பேரை உட்காரவைத்து விவாதம் நடத்தினோம். பிரசவச் செய்தியை "நாளைக்கு வச்சுக்கலாம்" என்று தள்ளிவைத்தவன் நான்தான். நாளைக்கு வேறு நடிகர், வேறு விமான நிலையம். அந்தச் செய்தி கடைசிவரை வரவில்லை. அந்த நிருபர் அதற்குப் பிறகு வெகுநாள் அப்படி ஒரு செய்தி அனுப்பவில்லை.

இதில் சதி ஒன்றும் இல்லை. மலையடிவாரத்துக்கு நிருபரையும் கேமராமேனையும் அனுப்ப ஒரு நாளும் டீசலும் செலவாகும். நான்கு பேரை உட்காரவைத்துப் பேசவிட அவ்வளவு ஆகாது. வாராவாரம் வரும் ரேட்டிங்கை வைத்துத்தான் விளம்பரம். நடிகர் முகம் இருந்தால் ரேட்டிங் ஏறும். இப்போது போனில் இன்னும் மோசம், தம்ப்நெயிலில் அந்த முகம் இல்லாவிட்டால் யாரும் தொடுவதே இல்லை என்று என் பழைய மாணவர்கள் சொல்கிறார்கள். அப்புறம், பெரிய கூட்டங்களில் நீங்கள் பார்க்கும் ட்ரோன் காட்சியைப் பல நேரம் கட்சிக்காரர்களே எடுத்துத் தருகிறார்கள். எந்த இடம் தெரியவேண்டும், எது தெரியக்கூடாது என்று முடிவு செய்கிறவர்களும் அவர்களே.

கேள்வியே கேட்கப்படாத ஒரு ஆள் தலைவராக வளர்வதற்கு இது வழி செய்துவிடுகிறது. இது புதிதும் இல்லை. 1984 டிசம்பர் தேர்தலின்போது எம்ஜிஆர் அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தார். ஒரு கூட்டத்திலும் பேசவில்லை. மருத்துவமனையில் அவர் இருக்கும் வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். ஆண்டிபட்டியில் அவர் ஜெயித்தார். நோயாளியைப் பார்த்து ஜனங்கள் அழுதது இயல்பு. அன்று ஒரு கேள்வியும் இல்லாமல் ஒரு தேர்தல் நடந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஜெயலலிதா அம்மையார் காலத்தில் கேள்வி கேட்டால் அவதூறு வழக்கு வந்தது. 2011-க்கும் 2016-க்கும் இடையில் அப்படி 200-க்கும் மேலான வழக்குகள். மேடையில் பேசிவிட்டு, ஒரு நிருபர் கேள்விக்கும் நிற்காமல் காரில் ஏறுவதைப் பெருமையாகக் காட்டும் இன்றைய வழக்கம் அதன் தொடர்ச்சிதான். எந்தக் கட்சி, எந்த நடிகர் செய்தாலும் எனக்கு இது ஒன்றுதான்.

இந்தச் சத்தத்தில் எது காணாமல் போகிறது தெரியுமா? உங்கள் ஊராட்சியில் இப்போது தலைவர் இருக்கிறாரா? இருக்க மாட்டார். உங்கள் மாவட்டம் உட்படத் தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது. உரிய நேரத்தில் தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர் கையில் கொடுத்துவிட்டார்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் யாரைக் கேட்பது என்று ஊரில் ஒரு ஆள் இல்லாமல் ஆகிப்போனது. அது பற்றி உங்கள் வீட்டு டிவியில் எத்தனை விவாதம் பார்த்தீர்கள்? மகனிடம் இதைக் கேளுங்கள். அவனும் கோபப்படுவான் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்?

நடிகரைத் திட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் திட்டத் திட்ட அவன் வக்கீலாக நிற்கப் பழகிக்கொள்வான். யாருக்கு ஓட்டுப் போடுகிறான் என்பது அவன் விஷயம், உங்களிடம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வேட்பாளர் பட்டியல் வந்த அன்று ஒரு வேலை கொடுங்கள். மனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் தொகுதி வேட்பாளர்களில் முக்கியமான நாலு பேருடையதை அவன் படித்து, பாட்டிக்கு வாசித்துக் காட்டட்டும். அவன் கட்சிக்காரருடையதும் அதில் இருக்க வேண்டும்.

இன்னொன்றை உங்கள் வேலையிலிருந்தே எடுத்துச் சொல்கிறேன். சத்துணவுத் திட்டத்தை 1982-ல் எம்ஜிஆர் பெரிதாக்கினார் என்று மாமியார் பெருமைப்படுவார், படட்டும். உங்கள் வயதுக்காரர்களில் அந்தச் சாப்பாட்டால் படித்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அது இன்றுவரை நிற்பது எதனால் என்று உங்களுக்குத்தான் தெரியும். முட்டை வந்து இறங்கும்போது அட்டையைப் பிரித்து எண்ணுகிறீர்கள். உடைந்ததைத் தனியே எடுத்து வைக்கிறீர்கள். வருகைப் பதிவோடு ஒத்துப்பார்த்துத்தான் அரிசியை அளக்கிறீர்கள். கொண்டுவந்தவர் எவ்வளவு நல்லவர் என்று பார்த்து எண்ணாமல் விடுவதில்லை. அவன் வீட்டில் சும்மா இருக்கிற ஒரு நாள், முட்டை வரும் நேரத்துக்கு உங்களோடு கூட்டிப்போங்கள். எண்ணும் வேலையை அவனிடம் கொடுங்கள். வேறு எதுவும் பேச வேண்டாம்.

அடுத்தது கிராம சபை. இப்போது வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இல்லாவிட்டாலும் சபை நடந்தாக வேண்டும். ஊராட்சியின் வரவு செலவைப் படித்துக் காட்டியாக வேண்டும். கிளைச் செயலாளரிடம் இருபது பையன்கள் இருப்பார்கள். பேனருக்குக் கூடுகிறவர்கள் ஒரு காலைப்பொழுது அங்கே வந்து உட்கார்ந்தால், இருபது பேர் கையெழுத்தோடு ஒரே ஒரு கோரிக்கை கொடுத்தால், அதிகாரி எழுந்து பதில் சொல்வார். நான் இரண்டு ஊரில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒன்றில் குடிநீர்த் தொட்டியைக் கழுவினார்கள். இன்னொன்றில் ஒன்றும் நடக்கவில்லை, பையன்கள் அடுத்த சபைக்கும் போனார்கள்.

அவன் அண்ணன் என்று அழைக்கிறவரிடமும் கேட்க அவனுக்கு உரிமை இருக்கிறது. "நம்ம தொகுதிக்கு யாரைப் போடப்போறீங்க, எங்களைக் கேட்டுப் போடுவீங்களா?" என்று மாவட்டப் பொறுப்பாளருக்குக் கிளையின் பெயரில் ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். பதில் வந்தால் நல்ல கட்சி என்று சந்தோஷப்படட்டும். வராவிட்டால் அந்த மௌனத்தை நீங்கள் விளக்க வேண்டியதில்லை, அவனுக்குப் புரியும்.

இந்தப் பதிலைப் படித்து அவனுக்கு என் மேல் கோபம் வந்தால், என் முகவரிக்கு அவனையே எழுதச் சொல்லுங்கள். கையில் எழுதினாலும் சரி, போனில் டைப் அடித்தாலும் சரி. அவன் தொகுதியில் யார் நிற்கிறார் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். நான் பதில் போடுகிறேன்.